சுத்தி வா

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பாஸ்போர்ட்டில் இருக்கிறது, மின்கட்டண ரசீதில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. சொந்தக்காரர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் ஒலிப்பதிவுக் கூடத்து வாட்ச்மேனுக்கும் அவர் சுத்தி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுத்தி மாமா. அந்தப் பெயர் வரக் காரணமானவர் அவருடைய தங்கையின் வீட்டுக்காரர். வந்த நாளிலிருந்து அந்த மனுஷனை எப்படிப் பழிவாங்குவது என்பதுதான் சுத்தியின் முழுநேர வேலை. நடுவில் கல்யாணம் செய்தது, மகளைப் படிக்கவைத்தது, வாடகை வீடு நாலைந்து மாறியது, சர்க்கரை வியாதியை வாங்கிக்கொண்டது எல்லாம் அந்த வேலைக்கு நடுவே கிடைத்த ஓய்வில் செய்ததுதான்.

தொழில் டப்பிங். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் வசனம் எழுதி, அதில் நாயகனுக்குக் குரலும் கொடுப்பார். நல்ல குரல். பாத்ரூமில் அவர் தொண்டையைச் செருமினால் மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்ப்பார். வசனம் எழுதுவதிலும் கெட்டிக்காரர். டப்பிங் வசனத்தில் அழகெல்லாம் இரண்டாம் பட்சம், முதலில் உதடு ஒட்டவேண்டும். ப, ம என்று சொல்லும்போது மனுஷனுக்கு இரண்டு உதடும் சேர்ந்து மூடும். திரையில் வெள்ளைக்காரன் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போது நீங்கள் 'அம்மா' என்று எழுதினால், கடைசி வரிசையில் இருப்பவனுக்குக்கூட எதுவோ இடிக்கும். அதனால் சுத்தி ஆட்களின் கண்ணைப் பார்த்துப் பேசவே மாட்டார், உதட்டைத்தான் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் இதனாலேயே பெரிய வில்லங்கம் ஆகியிருக்கும், எப்படியோ தப்பித்தார்.

இருபது வருஷத்துக்கு முன்னால், சூப்பர் ஹீரோ படங்கள் வாராவாரம் வந்து விழாத காலத்தில், அவர் கைக்கு ஒரு படம் வந்தது. வடக்கே பனிநாடுகளில் சொல்லப்படும் நார்ஸ் புராணத்தை எடுத்துச் செய்த படம். தமிழில் 'இடிவேந்தன்' என்று பெயர் வைத்தார்கள். இடிக்கடவுளின் சம்மட்டியை ஒரு ராட்சதன் திருடி மண்ணுக்கடியில் புதைத்துவிடுகிறான். தேவலோகத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொடுத்தால்தான் திருப்பித் தருவானாம். இடிக்கடவுள் தாடியை முக்காட்டில் மறைத்து, மணப்பெண் வேஷம் போட்டு, ஆடு பூட்டிய தேரில் ஏறி ராட்சதன் வீட்டுக்குப் போகிறார். கடைசியில் கையை நீட்டிச் சம்மட்டியைக் கூப்பிடுகிறார். அது மண்ணைப் பிளந்து வெளியே வந்து, நேராக வராமல், மலையை ஒரு வட்டம் போட்டு, ராட்சதர்களை எல்லாம் மண்டையில் தட்டிவிட்டுக் கைக்கு வருகிறது.

அந்தக் கூப்பிடும் இடத்தில்தான் வினை. நாயகனின் உதடு முதலில் குவிகிறது, பிறகு வாய் அகலமாகத் திறந்து அப்படியே நிற்கிறது. மூடவே இல்லை. "சம்மட்டின்னு வச்சிருங்க சார், கம்பீரமா இருக்கும்" என்றார் ஒலிப்பதிவாளர். சம்மட்டியில் 'ம்' இருக்கிறது, உதடு ஒட்டும், படத்தில் ஒட்டவில்லை. சுத்தியல் என்றால் நீளம். கடைசியில் 'சுத்தி, வா!' என்று எழுதினார். சுத்தியே, என்னிடம் வா என்று அர்த்தம். காகிதத்தில் நடுவே ஒரு கால்புள்ளி இருந்தது. வெள்ளைக்காரன் வாயில் அந்தக் கால்புள்ளிக்கு இடம் இல்லை. மூச்சுவிடாமல் அடித்தொண்டையில் சொன்னார்: "சுத்திவா!"

தியேட்டரில் அது எப்படிக் கேட்டது என்று சொல்லவா வேண்டும். கடவுள் கையை நீட்டி 'சுத்திவா' என்கிறார், சம்மட்டியும் சமர்த்தாக மலையைச் சுற்றிக்கொண்டு வருகிறது. முன்வரிசை ஆட்கள் எழுந்து கையை நீட்டிக்கொண்டு நாற்காலிகளைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். சுத்தி பால்கனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அப்போதுதான் கல்யாணமான தங்கையும், அவளுடைய வீட்டுக்காரரும். மாப்பிள்ளை ஒரு வாரப்பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுபவர். இருட்டில் அவர் தோள் குலுங்குவதைச் சுத்தி பார்த்தார். சிரிக்கட்டும், எல்லாரும்தானே சிரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்.

கல்யாண ஆல்பம் வருவதற்கு முன்னால் விமர்சனம் வந்துவிட்டது. தலைப்பே இதுதான்: 'சுத்தி வா, தியேட்டர் பக்கம் மட்டும் வந்துவிடாதே.' உள்ளே படத்தைப் பற்றிக் கொஞ்சம், குரலைப் பற்றி நிறைய. இந்தக் குரலுக்குக் கடவுள் வேஷம் அதிகம், பஸ் கிளம்பும் நேரத்தைச் சொல்ல வைக்கலாம் என்று ஒரு வரி. ஊரே படித்தது, அவருக்குச் சுத்தி என்று பெயரும் வைத்தது. அடுத்த படத்துக்குக் கம்பெனி வேறு ஆளைக் கூப்பிட்டது. அதற்கடுத்த படத்துக்கும். விமர்சகர் மட்டும் அந்த ஒரு கட்டுரையால் பெரிய ஆள் ஆனார், மேடை ஏறினார், புத்தகம் போட்டார்.

சுத்திக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், லிஃப்ட். "கதவுகள் மூடுகின்றன." அது அவர்தான். கார்ட்டூனில் வரும் குண்டு நாய் அவர்தான். கடன் கம்பெனிக்குப் போன் செய்தால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்லிக் காக்கவைப்பதும் அவர்தான். மாப்பிள்ளை சொன்ன பஸ்நிலைய வேலையும் ஒருநாள் வந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்து, மகளின் பள்ளிக்கூடத்தை நினைத்து, போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இத்தனைக்கும் மாப்பிள்ளையோடு சண்டை போட்டதும் இல்லை. விசேஷங்களில் பார்த்தால் "வாங்க மாப்பிள்ளை" என்பார். உள்ளே கறுவிக்கொண்டே "சாப்பிட்டீங்களா" என்பார். தங்கைக்காக.

இப்படி இருக்கும்போதுதான் உலகம் தலைகீழானது. சூப்பர் ஹீரோ படங்கள் பெருகி, எல்லாம் ஒன்றுபோலவே இருந்து, சின்ன வயசுக்காரர்களுக்குச் சலித்துப்போய், பழையதைத் தோண்ட ஆரம்பித்தார்கள். 'இடிவேந்தன்' அகப்பட்டது. அதில் வருகிற ஆடு கம்ப்யூட்டர் ஆடு இல்லை, நிஜ ஆடு என்று கொண்டாடினார்கள். தாடிவைத்த கடவுள் வெட்கமே படாமல் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இன்றைக்கு எந்த நாயகன் நடிப்பான் என்று கேட்டார்கள். முக்கியமாக 'சுத்திவா'. ஒரே வார்த்தையில் சுத்தியையும் கூப்பிட்டு, சுற்றியும் வரச்சொல்லி, அது சுற்றியும் வருகிறதே, இதை எழுதியவன் யார் என்று தேடினார்கள். டீ சட்டையில்கூட அச்சடித்துவிட்டார்கள். சுத்திக்கு இது சந்தோஷமா, ஆத்திரமா என்று தெரியவில்லை. ஆத்திரம் என்றே முடிவு செய்தார். கால்புள்ளி விட்டுப்போன கதையை அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு திரைப்படச் சங்கம் அந்தப் படத்தை மறுபடி போட்டு, மறுமதிப்பீட்டு உரை ஒன்றும் வைக்க ஏற்பாடு செய்தது. உரை யாருடையது? வேறு யார், மாப்பிள்ளைதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் முதலில் குடை பிடிப்பவர் அவர். உரையை எழுதியும் முடித்துவிட்டார். அப்போதுதான் குரல்வளையில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்து, மாதக்கணக்கில் வாய் திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடும் குரலும் சுத்தியுடையதுதான். மாப்பிள்ளை ஆபரேஷனுக்கு உள்ளே போனதே சுத்தி கூப்பிட்டுத்தான். இதைத் தங்கை போனில் சொன்னபோது சுத்தி ஐயோ பாவம் என்றார். போனை வைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று நன்றாகச் சிரித்தார்.

அடுத்த வாரம் தங்கை நேரில் வந்தாள். "அண்ணே, அவர் எழுதினதை மேடையில நீ படிக்கணுமாம். உன் குரல்தான் பொருத்தம்னு அவரே எழுதிக் காட்டினார்."

"பஸ் ஸ்டாண்டுக் குரலாச்சே. அவருக்குச் சரிப்படுமா?"

"அண்ணே, வம்பு பண்ணாதே. எனக்காக. எழுதினதுக்கு மேல ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன்னு சொல்லு."

"ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன். போதுமா?"

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. கழுத்தில் கட்டோடு அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். சுத்தி படித்தார். படிக்கப் படிக்க ரத்தம் தலைக்கேறியது. எழுத்து என்னவோ பிரமாதம். ஆடு, முக்காடு, மலையைச் சுற்றும் சம்மட்டி எல்லாவற்றையும் தூக்கிவைத்து எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் குரல் தழுதழுக்கிற மாதிரி ஒரு பத்தி: 'அன்று நாம் சிரித்தோம். ஒரு நல்ல குரலை நாம் விரட்டினோம். நாம் தவறு செய்தோம்.' சுத்தி நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை கண்ணை மூடி, தன் எழுத்தைத் தானே ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சுத்தி ஒரு எழுத்து பிசகாமல் படித்து முடித்து, "அருமை மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "நாமாம்ல, நாம்! நாங்கள்னு எழுதியிருந்தாக்கூட நான் வெளியில நிப்பேன். நாம்னா என்னையும் சேர்த்துல்ல? நானுமா சிரிச்சேன்? நானுமா என்னை விரட்டினேன்?"

அவருடைய மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப மாத்திப் படிங்க."

"ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன்னு தங்கச்சிகிட்ட சொல்லிட்டேனே."

"சேர்க்கத்தானே கூடாது? மாத்தக்கூடாதுன்னு சொல்லலையே" என்றாள் அவள். இந்த அம்மாளுக்கும் அந்த விமர்சனம் மறக்கவில்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது 'மாப்பிள்ளைப் பையன் அந்தச் சுத்தியா?' என்று அவள் வீட்டில் சிரித்திருக்கிறார்கள்.

சுத்தி அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நாம். உதடு ஒட்டியது. நான். ஒட்டவில்லை. சிரித்தோம், ஒட்டியது. சிரித்தேன், ஒட்டவில்லை. தொழிலில் இப்படி உதட்டுக்கு விரோதமாக அவர் ஒருநாளும் செய்ததில்லை. பாவம், தங்கை அழுவாளோ என்றும் தோன்றியது. முடிவெடுக்க முடியவில்லை.

அவரை முடிவெடுக்க வைத்தது படம்தான். வெளியான நாளுக்குப் பிறகு அவர் அதைப் பார்த்ததே இல்லை. சங்கம் படம் போட்ட அன்று அரங்கம் நிறைந்து வழிந்தது, முன்வரிசையில் தங்கையோடும் மனைவியோடும் உட்கார்ந்து பார்த்தார். உள்ளதைச் சொன்னால் பாதிப் படம் குப்பை. பனி என்று கொட்டியது பஞ்சு என்று நன்றாகத் தெரிகிறது. சம்மட்டி பறக்கும்போது கம்பி மின்னுகிறது. ஆனால் ஆடுகள் அசல், முக்காட்டுக் காட்சி அசல். பிறகு அந்தக் குரல். முப்பது வயதுக் குரல். பூமியிலிருந்து கிளம்பி வருகிற மாதிரி, பிசிறில்லாமல், எதற்கும் பயப்படாமல். சுத்தி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இதையா லிஃப்டுக்குள் அடைத்தீர்கள், இந்தக் குரலையா குண்டு நாய்க்குக் கொடுத்தீர்கள் என்று நெஞ்சு எரிந்தது. "சுத்திவா!" வந்தபோது அரங்கமே எழுந்து கூடவே கத்தியது. சுத்தி மட்டும் எழவில்லை. அவர் அழுதார், யாரும் பார்க்கவில்லை.

படம் முடிந்து விளக்கு வந்தது. மேடையில் இரண்டு நாற்காலி. மாப்பிள்ளை கழுத்தில் மப்ளரோடு ஒன்றில் உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாதே, சுத்தி படிக்கப் படிக்கத் தானும் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டே வந்தார், திரையில் வருகிற வெள்ளைக்காரன் மாதிரி. கடைசிப் பக்கம் வந்தது. சுத்தி மைக்கை நெருங்கினார். அந்தப் பழைய குரல் எங்கிருந்தோ வந்தது.

"அன்று நான் சிரித்தேன்."

பக்கத்தில் மாப்பிள்ளையின் உதடு 'சிரித்தோம்' என்று ஒட்டி, ஒட்டியபடியே நின்றது.

"ஒரு நல்ல குரலை நான் விரட்டினேன். நான் தவறு செய்தேன்."

ஒரு வார்த்தை கூடவில்லை. மாப்பிள்ளை பாதி எழுந்தார், கையை ஆட்டினார், வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பார்த்தவர்களுக்கு அவர் உணர்ச்சிவசப்பட்டு மன்னிப்புக் கேட்க எழுந்த மாதிரி இருந்தது. பிறகு கைதட்டல். எழுந்து நின்று, ஓயவே ஓயாமல். யாருக்கு? மாப்பிள்ளைக்கு! தன் தவறை மேடையில் ஒப்புக்கொண்ட பெரிய மனுஷனாம். மாலை கொண்டுவந்து அவர் கழுத்துக் கட்டுக்கு மேலேயே போட்டார்கள். சுத்தி மைக் பக்கத்தில் காகிதத்தோடு நின்றார். அடப்பாவி, இதிலும் நீதான் ஜெயித்தாயா என்று வயிறு எரிந்தது.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் மாப்பிள்ளை போனை எடுத்து ஒரே ஒரு வார்த்தையைத் தட்டி, சுத்தியின் மூக்குக்கு நேரே நீட்டினார். 'நாம்'.

"அப்படியா எழுதியிருந்தீங்க? எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியா தெரியறதில்ல மாப்பிள்ளை" என்றார் சுத்தி.

அடுத்த வார்த்தையைத் தட்டுவதற்குள் தங்கை உள்ளே வந்துவிட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேராகப் புருஷனிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணமான நாள்லருந்து இவர் வாயில 'நான் தப்பு'ன்னு ஒருதடவைகூட வந்ததில்ல அண்ணே. எனக்கு அண்ணன் வீட்டுக்கு வரவே கூச்சமா இருந்துச்சு இத்தனை வருஷமும். இன்னிக்குத்தான் நிம்மதி." மாப்பிள்ளை போனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தட்டியதை அழித்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் சுத்திக்கு உறைத்தது. தான் தோற்கவில்லை. மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு வந்த மாதங்கள்தான் சுத்தியின் வாழ்க்கையிலேயே சுகமானவை. மேடை வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. மாப்பிள்ளை கடைக்குப் போனால் 'சார், என்ன மனசு சார் உங்களுக்கு' என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பத்திரிகையில் தலையங்கம் எழுதினார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு தலையாட்டலையும் தங்கை போனில் பெருமையாகச் சொல்லுவாள், சுத்தி இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டுக்கொள்வார்.

பிறகு மாப்பிள்ளைக்குக் குரல் திரும்பியது. கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி குரல்தான். சங்கத்துக்காரர்கள் விடவில்லை. மறுபடி ஒரு கூட்டம் போட்டு, அந்தக் கடைசிப் பத்தியை இப்போது உங்கள் வாயாலேயே கேட்கவேண்டும் என்றார்கள். இதைக் கேட்டதிலிருந்து சுத்திக்குத் தூக்கம் போயிற்று. இப்போது அந்த ஆளுக்கு வாய் இருக்கிறது. கையில் அவர் எழுதிய காகிதம் இருக்கிறது. அதில் 'நாம்' என்றுதான் இருக்கிறது. நான் எழுதியது இதுதான், படித்தவர் பிழையாகப் படித்துவிட்டார் என்று ஒரு வரி சிரித்துக்கொண்டே சொன்னால் போதும், அத்தனையும் போச்சு. மறுபடியும் சுத்தி கோமாளி.

அன்று சுத்தி முன்வரிசையில், மேடைக்கு நேர் எதிரே இடம்பிடித்தார். பக்கத்தில் தங்கை. மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்தார், காகிதத்தைப் பிரித்தார். ஆடு, முக்காடு எல்லாம் படித்து, கடைசிப் பத்திக்கு வந்து நின்றார். தண்ணீர் குடித்தார். சுத்தி அவர் கண்ணைப் பார்க்கவில்லை, காதையும் நம்பவில்லை. உதட்டை மட்டும் பார்த்தார்.

"அன்று நா..."

வாய் திறந்தபடி நின்றது. மாப்பிள்ளை காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். மனைவியைப் பார்த்தார். அவள் கையைக் கோத்து மோவாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக, அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்தாள். பிறகு அவர் பார்வை பக்கத்து நாற்காலிக்கு வந்தது. சுத்தி இமைக்கவில்லை.

"நான் சிரித்தேன்" என்றார் மாப்பிள்ளை.

உதடு ஒட்டவில்லை. தொடக்கத்திலும் ஒட்டவில்லை, முடிவிலும் ஒட்டவில்லை. இவ்வளவு காலமும் படத்தில் உதடு முதலில் அசையும், குரல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த ஒருமுறைதான் சுத்தி குரலை முன்னால் போட்டுவிட்டுக் காத்திருந்தார், உதடு பின்னால் வந்து சேர்ந்தது. விரட்டினேன் வந்தது. தவறு செய்தேன் வந்தது. எல்லாம் கச்சிதம். தங்கை அழுதுகொண்டே கைதட்டினாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் சுத்தி எழுந்து நின்றார். ஒலிப்பதிவுக் கூடத்தில், மறுபடி பேசு என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவரை எத்தனையோ தடவை வதைத்த வார்த்தை அது. மைக் இல்லாமலே அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்டது.

"ஒன் மோர்!"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. மச்சான் மாப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லாரும் ஒன் மோர், ஒன் மோர் என்று கத்த ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்கு முகம் கறுத்தது. சிரிக்கவேண்டியிருந்ததால் சிரித்தார். மறுபடி மைக்கைப் பிடித்து, அந்தக் கரகரத்த குரலில், "அன்று நான் சிரித்தேன்" என்று தொடங்கி, தவறு செய்தேன் வரைக்கும் சொல்லி முடித்து, உட்காரப் போனார்.

சுத்தி நின்றுகொண்டே இருந்தார். முதல் டேக்கைவிட இது நன்றாகவே வந்திருந்தது. நன்றாக வந்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று கூடத்தில் இன்னொன்று எடுத்துவைப்பார்கள். கையைத் தூக்கினார்.

"சேஃப்டிக்கு இன்னொண்ணு எடுத்துருவோம் மாப்பிள்ளை."